பட்டம் கைக்கு வந்துவிட்டது; படிப்பு வந்ததா?

பிளஸ் 2 முடிவு வந்த கையோடு நம் வீடுகளில் கல்லூரிப் பேச்சு தொடங்கிவிடும். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையின் இருபுறமும் அந்த நாட்களில் கல்லூரி விளம்பரப் பலகைகள்தான். 'நாக் ஏ பிளஸ்', 'என்.பி.ஏ. அங்கீகாரம்', 'தன்னாட்சி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வரும் பெற்றோர் நம்மிடம் அதிகம் கேட்பதும் இதைப் பற்றித்தான். "ஹஜ்ரத், ஏ பிளஸ்னு போட்டிருக்காங்களே, அப்ப நல்ல காலேஜ்தானே? பிள்ளையைச் சேர்த்துடலாமா?"

நியாயமான கேள்வி. நகையை அடகு வைத்து, கடையில் கைமாற்று வாங்கி ஃபீஸ் கட்டுகிற குடும்பங்கள் நம்முடையவை. கட்டிய பணத்துக்குப் பிள்ளை என்ன கற்றுக்கொண்டு வருகிறான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதைக் கல்லூரிகள் எப்படி அளக்கின்றன, அந்த அளவு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைப் பெற்றோருக்கு விளங்கும் வகையில் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பலகையில் இருக்கும் எழுத்துகள்

முதலில் இரண்டு பெயர்களைப் பிரித்துப் புரிந்துகொள்வோம். நாக் என்பது தேசிய மதிப்பீட்டு மற்றும் அங்கீகாரக் குழு. 1994இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் பெங்களூரு. இது கல்லூரியை அல்லது பல்கலைக்கழகத்தை மொத்தமாகப் பார்த்து மதிப்பிடுகிறது. 4 புள்ளிகளுக்கு 3.51க்கு மேல் வந்தால் ஏ பிளஸ் பிளஸ், 3.26 முதல் 3.50 வரை ஏ பிளஸ், 3.01 முதல் 3.25 வரை ஏ. அதற்குக் கீழே பி பிளஸ் பிளஸ் முதல் சி வரை போகும். 1.50க்குக் கீழே இருந்தால் அங்கீகாரம் இல்லை.

என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியமும் 1994இல் வந்ததுதான். ஆனால் இது கல்லூரியை மொத்தமாகப் பார்ப்பதில்லை. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கல் படிப்புக்கு என்.பி.ஏ. இருக்கும், சிவில் படிப்புக்கு இருக்காது. பலகையில் 'என்.பி.ஏ. பெற்றது' என்று மட்டும் போட்டிருந்தால், எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டு வரை என்று கேட்காமல் விடக்கூடாது.

நாக் மதிப்பீட்டில் 7 அளவுகோல்கள் உண்டு. அவற்றில் இரண்டாவது, கற்பித்தல், கற்றல், மதிப்பீடு பற்றியது. ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்த சாதாரணக் கல்லூரி என்றால், மொத்தம் 1000 மதிப்பெண்ணில் இந்த ஒன்றுக்கே 350 கொடுத்திருந்தார்கள். 'கற்றல் விளைவுகள்' என்ற சொல் வருவதும் இந்த இடத்தில்தான். ஒவ்வொரு படிப்பின் விளைவுகளையும் எழுதி இணையதளத்தில் போட்டிருக்கிறீர்களா, அவை எட்டப்பட்டதா என்று அளந்தீர்களா என்று கல்லூரியிடம் நாக் கேட்கிறது.

கற்றல் விளைவு என்றால் என்ன?

முன்பெல்லாம் பாடத்திட்டம் என்றால், ஆசிரியர் நடத்த வேண்டிய பாடங்களின் பட்டியல். ஐந்து அலகு, ஒவ்வொன்றிலும் பத்துத் தலைப்பு. அவற்றை நடத்தி முடித்தால் வேலை முடிந்தது. இப்போது கேள்வி திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. ஆசிரியர் என்ன நடத்தினார் என்பதோடு நிற்காமல், பாடம் முடிந்த பிறகு மாணவரால் எதைச் செய்ய முடியும் என்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் கற்றல் விளைவு என்கிறார்கள்.

பி.காம். முதலாண்டு நிதிநிலைக் கணக்கியலை எடுத்துக்கொள்வோம். 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் பற்றி அறிதல்' என்று எழுதினால் அது பாடத் தலைப்பு. 'ஒரு நிறுவனத்தின் ரொக்கப் புத்தகத்தையும் வங்கி அறிக்கையையும் கொடுத்தால், வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டும் பட்டியலைத் தயாரிப்பார்' என்று எழுதினால் அது விளைவு. முதலாவதை யாராலும் சோதிக்க முடியாது. இரண்டாவதை, ஒரு முட்டைப் பண்ணையின் வங்கிக் கணக்கைக் கையில் கொடுத்து அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம்.

ஒரு பாடத்துக்குப் பொதுவாக ஐந்து விளைவுகள் எழுதுவார்கள். மூன்றாண்டுப் படிப்பு முழுவதற்கும் தனியாகச் சில விளைவுகள் உண்டு: சிக்கலைத் தீர்த்தல், தெளிவாக எடுத்துச் சொல்லுதல், குழுவாக வேலை செய்தல், நேர்மை போன்றவை. பாட விளைவு ஒவ்வொன்றும் படிப்பு விளைவு எதற்கு எவ்வளவு உதவுகிறது என்று 3, 2, 1 என எண் போட்டு ஒரு அட்டவணை தயாரிப்பார்கள். 3 என்றால் வலுவான தொடர்பு; 1 என்றால் லேசான தொடர்பு.

சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அதன் பாடத்திட்டங்களை எடுத்துப் பார்த்தால் இந்த விளைவுகளும் அட்டவணையும் இருக்கும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

கே 1 முதல் கே 6 வரை

கல்லூரி வினாத்தாளில் கேள்விக்குப் பக்கத்தில் கே 1, கே 2 என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் பெஞ்சமின் புளூம் என்ற கல்வியாளரும் அவருடன் இருந்தவர்களும் 1956இல் அறிவின் படிகளை ஆறாகப் பிரித்துக் காட்டினார்கள். 2001இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. இப்போதைய வரிசை இது: நினைவில் வைத்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்துப் பார்த்தல், மதிப்பிடுதல், புதிதாக உருவாக்குதல். இந்த ஆறு படிகள்தான் கே 1 முதல் கே 6 வரை.

ஒரு சின்ன உதாரணம். 'தேய்மானம் என்றால் என்ன?' என்பது கே 1. 'லாரிக்கு ஏன் தேய்மானம் கணக்கிட வேண்டும்?' என்பது கே 2. 'இந்த லாரியின் விலை இவ்வளவு, ஆயுள் இத்தனை ஆண்டு. தேய்மானத்தைக் கணக்கிடு' என்பது கே 3. 'இரண்டு முறைகளில் கணக்கிட்டால் லாபம் ஏன் மாறுகிறது?' என்று போனால் கே 4. 'பத்து லாரி வைத்திருக்கும் இந்த நிறுவனத்துக்கு எந்த முறை பொருந்தும்? காரணத்தோடு சொல்' என்பது கே 5. நாமக்கல்லில் ஒரு லாரி அலுவலகத்தில் கணக்கு எழுதப் போகிற பிள்ளைக்குக் கே 1 மட்டும் தெரிந்தால் அங்கே ஒரு நாள் கூடத் தாங்காது.

அந்த எண் எப்படி வருகிறது?

விளைவு எட்டப்பட்டதா என்று கல்லூரி ஒரு கணக்குப் போடுகிறது. அதைப் பெற்றோர் ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், பிறகு யாரும் எண்ணைக் காட்டி மயக்க முடியாது.

ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். நாம் சொன்ன அந்த வங்கிப் பட்டியல் விளைவுக்கு, 60 சதவீத மதிப்பெண் எடுத்தால் எட்டியதாகக் கல்லூரி முடிவு செய்கிறது. வகுப்பில் 60 சதவீதம் பேர் அதை எட்டினால் நிலை 1. 70 சதவீதம் பேர் எட்டினால் நிலை 2. 80 சதவீதம் பேர் எட்டினால் நிலை 3. இந்த எல்லைகளைக் கல்லூரியே வகுத்துக்கொள்ளலாம்.

உள்தேர்வில் 45 பேர் எட்டினார்கள். அது 75 சதவீதம், நிலை 2. பல்கலைக்கழகத் தேர்வில் 36 பேர்தான் எட்டினார்கள். அது 60 சதவீதம், நிலை 1. உள்தேர்வுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 என்று எடை போட்டால் 1.25 வருகிறது. அடுத்ததாக மாணவர்களிடம் ஒரு கருத்துப் படிவம் கொடுத்து 'இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டீர்களா?' என்று கேட்பார்கள். பெரும்பாலானோர் 'மிக நன்றாக' என்று டிக் செய்துவிடுவார்கள். அது நிலை 3. தேர்வுக்கு 80 சதவீதம், படிவத்துக்கு 20 சதவீதம் என்று சேர்த்தால் மொத்தம் 1.6 ஆகிறது. கல்லூரி முன்கூட்டியே வைத்த இலக்கு 1.5 என்றால், 'விளைவு எட்டப்பட்டது' என்று கோப்பில் எழுதிவிடலாம்.

பல்கலைக்கழகத் தேர்வில் 24 பிள்ளைகள் அந்த மதிப்பெண்ணைத் தொடவில்லை என்பதை இந்த 1.6 நமக்குச் சொல்கிறதா? இல்லை. ஒரு டிக் படிவம் 1.25ஐ 1.6 ஆக்கிவிட்டது என்பதாவது தெரிகிறதா? அதுவும் இல்லை. கணக்கில் தவறே கிடையாது. ஆனாலும் உங்கள் பிள்ளை அந்த 36 பேரில் ஒருவனா, 24 பேரில் ஒருவனா என்பது அந்த எண்ணுக்குள் மறைந்துவிடுகிறது.

ஓட்டை எங்கே இருக்கிறது?

இணைப்புக் கல்லூரிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பல்கலைக்கழகம் அனுப்புவது ஒரு பாடத்தின் மொத்த மதிப்பெண்ணை மட்டுமே. எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்ற விவரம் கல்லூரிக்கு வருவதில்லை. ஐந்து விளைவுகளுக்கும் அந்த ஒரே மொத்தத்தைத்தான் ஆசிரியர் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளை பேரேட்டில் கெட்டிக்காரனா, வங்கிப் பட்டியலில் திணறுகிறானா என்பது அதில் தெரியாது. தானே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளில் கேள்வி வாரியாகப் பார்க்க வழி இருக்கிறது. சேலம் அரசு கலைக் கல்லூரி போன்றவை அந்த வகை. வழி இருப்பது வேறு, பார்ப்பது வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வினாத்தாளில் இருக்கிறது. பாடத்திட்டத்தில் 'பகுத்து ஆராய்வார்' என்று எழுதியிருப்பார்கள். தேர்வில் 'விவரி', 'குறிப்பு வரைக' என்று கேட்பார்கள். கடைசி ஐந்தாண்டுக் கேள்விகளை மனப்பாடம் செய்தவர் முதல் வகுப்பில் தேறுவார். அளக்கப்பட்டது நினைவாற்றல், கோப்பில் எழுதப்பட்டது ஆராயும் திறன். அளவுகோலும் பொருளும் பொருந்தாதபோது, எத்தனை தசமம் போட்டாலும் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

இந்த வட்டாரத்துக்கு இது புதிதல்ல. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் 2 மதிப்பெண்ணுக்காகத் தமிழகம் முழுவதும் பேர் வாங்கியவை. தென்மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துகிறார்கள் என்ற குறை தமிழகத்தில் பரவலாகவே பேசப்பட்டது. 2017இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. மதிப்பெண்ணைத் துரத்தும் பழக்கத்தோடு வருகிற பிள்ளை கல்லூரியிலும் அதையே செய்கிறான். குற்றம் பிள்ளையிடம் மட்டும் இல்லை, "எத்தனை மார்க்?" என்று மட்டுமே கேட்டு வளர்த்த நமக்கும் அதில் பங்கு உண்டு.

நாக் எழுத்து கிடைத்தாலே எல்லாம் சரி என்று எண்ணுவதற்கும் இல்லை. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த சிலரை லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செய்தது நாடறிந்த செய்தி. அதற்கு முன்பே, 2024இல், இந்த எழுத்துத் தரங்களைக் கைவிட்டு 'அங்கீகாரம் உண்டு, இல்லை' என்ற முறைக்கு மாறப்போவதாக நாக் அறிவித்திருந்தது. எல்லாக் கல்லூரியும் ஏமாற்றுகிறது என்று நாம் சொல்லவில்லை. அந்த எழுத்தைத் தாண்டியும் நாம் பார்க்க வேண்டும் என்றே சொல்கிறோம்.

நாம் அறிந்த ஓர் அளவுகோல்

மதரஸாவிலும் ஓதி, கலைக் கல்லூரியிலும் படித்தவர்கள் என்ற முறையில் இரண்டு முறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஹிஃப்ழு வகுப்பில் ஒரு பிள்ளை இன்றைய சபக்கை உஸ்தாதிடம் நேரில் ஓதிக் காட்டினால்தான் அடுத்த பாடம். முந்தைய பாடங்களையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். வகுப்பின் சராசரி நன்றாக இருக்கிறது என்று யாரையும் அடுத்த ஜுஸ்உவுக்கு அனுப்புவதில்லை. தடுமாறும் இடத்தில் உஸ்தாத் நிறுத்துவார், திருத்துவார், மறுநாள் அதே இடத்தைக் கேட்பார். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே செய்து காட்ட வேண்டும். குறை அப்போதே தெரியும். தெரிந்த குறை அப்போதே சரியாகும்.

கல்லூரி மதிப்பீட்டுக்கும் உயிர்நாடி இதுதான். அளந்து, கோப்பில் போட்டு, அலமாரியில் பூட்டுவதற்காக அளப்பதில்லை. 'இந்த ஆண்டு வங்கிப் பட்டியலில் பிள்ளைகள் தடுமாறினார்கள். அடுத்த ஆண்டு அதற்கு நான்கு வகுப்பு கூட்டினோம். உண்மையான கணக்குப் புத்தகங்களை வைத்துப் பயிற்சி கொடுத்தோம்' என்று ஒரு துறையால் சொல்ல முடிந்தால், அங்கே மதிப்பீடு நடக்கிறது. சொல்ல முடியாவிட்டால் அங்கே நடப்பது எழுத்து வேலை.

அதே நேரத்தில் மனனத்தைக் குறைத்துப் பேசுவதும் சரியல்ல. கணக்கியலின் அடிப்படை விதிகள் நினைவில் இல்லாதவர் கணக்கு எழுத முடியாது. நினைவு முதல் படி. அந்தப் படியிலேயே நின்றுவிடக்கூடாது. மதரஸாக்களுக்கும் இது பொருந்தும். ஓதிய பாடத்தின் பொருளும் பயன்பாடும் பிள்ளைக்கு விளங்கியதா என்று அங்கும் கேட்கத்தான் வேண்டும். பயன் தரும் கல்வியைக் கேட்டு துஆ செய்யும் சமுதாயம், கல்வி பயன் தருகிறதா என்று பார்க்கவும் கடமைப்பட்டது.

கடல் கடந்தபோது வந்த சோதனை

'இதெல்லாம் கல்லூரிக்காரர்கள் கவலை' என்று ஒதுக்குவோருக்காக ஒரு செய்தி. 2018இல் குவைத் அரசு, வெளிநாட்டுப் பொறியாளர்கள் இகாமா புதுப்பிக்க குவைத் பொறியாளர் சங்கத்தின் சான்று வேண்டும் என்று விதித்தது. இந்தியப் பொறியாளர்களைப் பொறுத்தவரை, படித்த படிப்புக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று அந்தச் சங்கம் பார்த்தது. பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவர்களும், அண்ணா பல்கலைக்கழகப் பட்டம் கையில் இருந்தும், தவித்துப் போனார்கள். படித்த காலத்தில் என்.பி.ஏ. என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் அவர்களில் உண்டு.

பின்னணி இதுதான். 1989இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய ஆறு நாடுகள், பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்க வாஷிங்டன் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியா சார்பில் என்.பி.ஏ. 2014 ஜூனில் அதில் நிரந்தர உறுப்பினரானது. கற்றல் விளைவுகளை அளக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் பொறியியல் கல்லூரிகளில் இறுகியது இதையொட்டித்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. என்.பி.ஏ.யில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வரும் முதல் அடுக்குப் படிப்புகளுக்குத்தான் அந்த ஒப்பந்தத்தின் பலன் கிடைக்கும். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் உள்ளவர்கள் சேர்க்கையின்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

சேர்க்கைக்குப் போகும்போது விடுதியையும் பேருந்தையும் ஃபீஸையும் விசாரிக்கிறோம். அதோடு இவற்றையும் கேளுங்கள்.

1. இந்தப் படிப்பின் கற்றல் விளைவுகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? இணையதளத்தில் காட்ட முடியுமா?

2. கடந்த ஆண்டு எந்த விளைவில் மாணவர்கள் பின்தங்கினார்கள்? அதற்காக என்ன மாற்றினீர்கள்? எல்லாவற்றிலும் நன்றாகவே செய்தார்கள் என்று பதில் வந்தால் சற்று யோசியுங்கள்.

3. உள்தேர்வு வினாத்தாள் ஒன்றைப் பார்க்கலாமா? அதில் கே 3க்கு மேல் எத்தனை கேள்விகள் இருக்கின்றன?

4. எழுத்துத் தேர்வு தவிர, பிள்ளை செய்து காட்டும் வேலை என்ன இருக்கிறது? திட்டப்பணி, களப்பணி, வாய்மொழித் தேர்வு எதுவும் உண்டா?

5. என்.பி.ஏ. அல்லது நாக் அங்கீகாரம் எந்த ஆண்டு வரை செல்லும்?

கல்லூரியில் சேர்ந்த பிறகு பிள்ளையிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. செமஸ்டர் முடிவு வந்ததும் "எத்தனை பாஸ்?" என்று கேட்டுவிட்டு, "போன செமஸ்டர்ல தெரியாத எந்த வேலையை இப்ப உன்னால செய்ய முடியும்?" என்றும் கேளுங்கள். பி.காம். படிக்கும் மகள் அத்தாவின் கடைக் கணக்கை ஒரு மாதம் எழுதிப் பார்க்கட்டும். கம்ப்யூட்டர் படிக்கும் மகன் தெரு ஜமாஅத்தின் சந்தாப் பட்டியலுக்கு ஒரு சின்ன மென்பொருள் செய்து கொடுக்கட்டும். தமிழ் படிப்பவர் பள்ளிவாசல் அறிவிப்பைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கட்டும். இதற்கு நாக் குழு வரவேண்டிய அவசியம் இல்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஒரு வார்த்தை. நிக்காஹ் அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் போடுவதற்காக மட்டும் ஒரு பட்டம் என்ற எண்ணம் நம்மில் சிலரிடம் இன்னும் இருக்கிறது. கணவரின் தொழில் நொடித்துப்போன வீட்டிலும், சிறு வயதிலேயே கணவரை இழந்து பிள்ளைகளோடு நிற்கும் வீட்டிலும் அந்த இரண்டெழுத்து சோறு போடாது. மூன்றாண்டில் அவள் உண்மையாகவே கற்றுக்கொண்ட வேலைதான் போடும். அவளுடைய படிப்பை அளக்கும்போது நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டியது அதனால்தான்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

ஆண்டுதோறும் நம் ஜமாஅத்துகள் அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசு கொடுக்கின்றன. அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அந்த மேடையில் இன்னொரு பரிசையும் சேர்க்கலாம்: கல்லூரிப் பிள்ளைகள் தாங்கள் செய்த திட்டப்பணியைக் கொண்டுவந்து பத்து நிமிடம் விளக்கட்டும். ஊரில் இருக்கும் ஆடிட்டர், பொறியாளர், பேராசிரியர், தொழில் செய்பவர் நாலு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். விளங்கிச் செய்தவர் யார், வாங்கி வந்தவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். உதவித்தொகை கொடுக்கும் அமைப்புகளும் மதிப்பெண் பட்டியலோடு, 'இந்த ஆண்டு நீ கற்றுச் செய்த ஒரு வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுது' என்று கேட்கலாம்.

நல்லெண்ணத்தோடு உழைக்கும் பேராசிரியர்கள் இந்த வட்டாரக் கல்லூரிகளில் நிறையவே இருக்கிறார்கள். கோப்பு நிரப்பும் வேலையில் பாதி நேரம் போகிறதே என்று வருந்துபவர்களும் அவர்கள்தான். பெற்றோர் சரியான கேள்வியோடு வந்தால் அவர்களுடைய கை ஓங்கும்; நிர்வாகமும் காது கொடுக்கும். அடுத்த சேர்க்கைக் காலத்தில் நம் குடும்பங்களில் பத்துப் பேர் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்குப் போனாலே, இன்ஷா அல்லாஹ், பதில் சொல்லும் பழக்கம் அங்கே தொடங்கிவிடும்.